பிள்ளையின்ர கரப்பன்: பூச்சு மருந்து எவ்வளவு, எந்த ஒழுங்கில, எத்தனை நாள்?

சங்குவேலி_அம்மா:

மகளுக்கு 4 வயசு. கரப்பன் (எக்சிமா) எண்டு தோல் கிளினிக்கில உறுதியாச் சொல்லிப்போட்டினம். ரெண்டு முழங்கை மடிப்பும், முழங்காலுக்குப் பின்பக்கமும், கணுக்காலும் தடிச்சுக் கருத்துப்போய்க் கிடக்கு. கழுத்தில லேசா இருக்கு. கன்னத்தில வெள்ளைத் திட்டு. பகலில பரவாயில்லை, இரவில கடி தாங்காமல் சொறிஞ்சு ரத்தம் வருது.

தந்த மருந்து: முகம், கழுத்துக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் 1% கிறீம். கை, காலுக்கு மொமெட்டசோன் 0.1% ஒயின்ட்மென்ட், 15 கிராம் ரியூப். உடம்பு முழுக்கப் பூச வைட் சொவ்ட் பரபின். படுக்கேக்க பிரிற்றன் சிரப். தாளில "மெல்லிசாப் பூசவும்" எண்டு மட்டும் கிடக்கு.

மெல்லிசு எண்டால் எவ்வளவு? எதை முதல் பூசுறது? எத்தனை நாளில நிப்பாட்டுறது? நிப்பாட்டின கிழமையே திரும்ப வருது. எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, சவுக்காரம் நுரைக்கவே நுரைக்காது, அதுவும் காரணமோ? அம்மம்மா இறால், நண்டு, கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி எல்லாத்தையும் கிரந்தி, கடியைக் கிளப்பிற சாப்பாடு எண்டு மறிச்சுப்போட்டா. கனடாவில இருக்கிற மச்சாள் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஏதோ ஊசி போடுறாவாம், தான் வரேக்க கொண்டுவரட்டோ எண்டு கேக்கிறா. தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

மருந்துமேசை:

தங்கச்சி, "மெல்லிசா" எண்ட அந்த ஒரு சொல்லுத்தான் கன வீடுகளில மருந்து வேலை செய்யாததுக்குக் காரணம். பயத்தில பொட்டு வைக்கிற மாதிரித் தொட்டு வைப்பினம், பேந்து மருந்து சரியில்லை எண்டு ரியூப்பை மாத்துவினம்.

1991 தொடக்கம் தோல் வைத்தியத்தில பாவிக்கிற அளவு விரல்நுனிக் கணக்கு. ரியூப்பின்ர வாய் 5 மில்லிமீற்றர் அகலமெண்டால், பெரிய ஆளின்ர சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினால் கிட்டத்தட்ட அரைக் கிராம் வரும். அது ஒரு விரல்நுனி. விரல்களையும் சேர்த்து ரெண்டு உள்ளங்கை மூடுற பரப்புக்கு அது காணும். பூசுறது பிள்ளைக்கெண்டாலும் அளக்கிற விரலும் உள்ளங்கையும் உங்கடதாத்தான் இருக்கோணும்.

இப்ப உங்கட கையைப் பிள்ளையின்ர கரப்பனுக்கு மேல வச்சு அளந்து பாருங்கோ. ரெண்டு முழங்கை, ரெண்டு முழங்கால் மடிப்பு, ரெண்டு கணுக்கால் எல்லாம் சேர்ந்து ஆறு உள்ளங்கை வருது எண்டு வையுங்கோ. அப்ப ஒருக்காப் பூச மூண்டு விரல்நுனி, அதாவது ஒண்டரைக் கிராம். ஒரு நாளைக்கு ஒருக்காப் பூசினால் 15 கிராம் ரியூப் பத்து நாளில முடிஞ்சு போகோணும். மூண்டு மாசத்துக்கு முந்தித் திறந்த ரியூப் இன்னும் அரைவாசி கிடக்குதெண்டால் பிள்ளைக்கு மருந்து போய்ச் சேரேல்லை. 3 தொடக்கம் 5 வயசுக்கு முழு உறுப்புக்கும் பூசுறதெண்டால் ஒரு கைக்கு 2, ஒரு காலுக்கு 3, நெஞ்சும் வயிறும் 3, முதுகும் குண்டியும் 3.5, முகமும் கழுத்தும் 1.5 விரல்நுனி.

மொமெட்டசோன் ஒரு நாளைக்கு ஒருக்காக் காணும். ரெண்டு தரம் பூசினால் ரெண்டு மடங்கு சுகம் வராது, பக்கவிளைவுதான் கூடும். மயிர் சரிஞ்சிருக்கிற பக்கமாத் தடவி விடுங்கோ, தேய்க்க வேண்டாம். பூசி முடிய தோல் லேசா மினுங்கோணும்.

எங்க பூசுறது எண்டதிலயும் ஒரு பிழை நடக்கும். எங்கட நிறத்தில கரப்பன் படங்களில வாற மாதிரிச் சிவக்காது. சாம்பல், ஊதா, கடுங்கபிலம் மாதிரித் தெரியும். சில பிள்ளையளுக்கு மயிர்க்கால் ஒவ்வொண்டிலயும் சின்னச் சின்னக் குருவாத்தான் வரும். கண்ணால தேடினால் பாதி இடம் தப்பிப் போகும். கண்ணை மூடிக்கொண்டு விரலால தடவிப் பாருங்கோ, சொரசொரப்பு முடியிற இடம்வரைக்கும் மருந்து போகோணும்.

நிப்பாட்டுறதும் அதே விரல் பார்த்துத்தான். கடி ரெண்டு மூண்டு நாளிலயே குறைஞ்சுபோம். உடன நிப்பாட்டினால் உள்ளுக்குள்ள அழற்சி அப்பிடியே கிடந்து அடுத்த கிழமை கிளம்பும். உங்களுக்கு நடக்கிறது அநேகமா அதுதான். தடவேக்க பக்கத்துத் தோல் மாதிரி மிருதுவா வரும்வரைக்கும் பூசுங்கோ. கை, காலுக்கு 7 தொடக்கம் 14 நாள். முகம், கழுத்துக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் 3 தொடக்கம் 5 நாளில காணும். தடிச்ச கணுக்காலுக்கு ரெண்டு கிழமையும் காணாமல் போகலாம், ஆனால் 14 நாளில ஒண்டும் மாறேல்லையெண்டால் தொடர்ந்து பூசிக்கொண்டிராமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

மாறின பிறகும் அடிக்கடி அதே இடத்தில வந்தால், கிழமையில அடுத்தடுத்த ரெண்டு நாள், சனி ஞாயிறு எண்டு வையுங்கோவன், வழமையா வாற இடங்களுக்கு மட்டும் பூசிற முறை ஒண்டு இருக்கு. தோல் நல்லாக் கிடந்தாலும் பூசோணும். திரும்ப வாறதை இது நல்லாக் குறைக்கும். இதைக் கிளினிக்கில கேட்டுத் தொடங்குங்கோ, சில மாசத்தில அவை திருப்பிப் பார்த்துத்தான் நீடிப்பினம்.

கன்னத்து வெள்ளைக்கு கிறீம் காரணமில்லை. கரப்பன் இருந்து போன இடத்தில நிறம் திரும்ப மாசக்கணக்காகும், வெயிலில சுத்துத் தோல் கறுக்க இன்னும் எடுப்பாத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஹைட்ரோகோர்ட்டிசோனை நிப்பாட்டினால் கரப்பன் திரும்பி வந்து வெள்ளை கூடும்.

இந்த ஸ்டீரொய்ட் பூச்சுகளால தோல் மெலியிற பயம் பொய்யில்லை. ஆனால் எந்த வலு, எந்த இடம், எத்தனை நாள் எண்டதுதான் கணக்கு. ஹைட்ரோகோர்ட்டிசோன் 1% மெல்லியது, குளோபெட்டசோன் 0.05% நடுத்தரம், பீட்டாமெதசோன் வலரேட் 0.1%, மொமெட்டசோன் வலுக்கூடினது, குளோபெட்டசோல் 0.05% எல்லாத்துக்கும் மேல. குளோபெட்டசோன், குளோபெட்டசோல் ரெண்டும் பேர் ஒரே மாதிரிக் கிடக்கும், வலுவில மலையும் மடுவும். வாங்கேக்க எழுத்துக் கூட்டி வாசியுங்கோ. மொமெட்டசோனை அவசரத்துக்கும் முகத்தில வைக்காதேங்கோ, வாயைச் சுத்திக் குரு கிளம்பும், கண்ணுக்குக் கிட்டக் கன நாள் பூசினால் கண் அமுக்கமும் கூடலாம்.

ஒழுங்கைப் பற்றி: எனக்கு ஸ்டீரொய்ட் முதல். குளிச்சு ஒத்தியெடுத்த தோலில மருந்து, அரை மணித்தியாலம் பொறுத்துப் பரபின்.

கிளினிக்_கொப்பி:

மருந்துமேசை அண்ணை சொன்னதில ஒழுங்கு மட்டும் கட்டாயமில்லை. எது முதல் எண்டதில வித்தியாசம் இருக்கிறதா ஆய்வில நிரூபிக்கேல்லை. ஒண்டுக்கு மேல ஒண்டை உடன பூசி மருந்தை நீர்த்துப்போகவும், மற்ற இடத்துக்கு இழுபடவும் விடாமல் 15 நிமிசமாவது இடைவெளி இருந்தால் சரி. பள்ளிக்கு வெளிக்கிடுற வீட்டில "அரை மணித்தியாலம்" எண்டு சட்டம் போட்டால் ரெண்டும் பூசுப்படாமல் போகும்.

அதைவிட முக்கியம், இது கரப்பன் மட்டுந்தானோ எண்டது. "இரவில கடி தாங்கேலாது" எண்டால் வீட்டில வேற ஆருக்கும் கடி இருக்கோ எண்டு கேளுங்கோ. விரலிடுக்கு, மணிக்கட்டு, கமக்கட்டு, தொப்புளைச் சுத்தி, ஆம்பிளைப் பிள்ளையளுக்குக் குஞ்சாமணியில குரு கிடந்தால் அது சிரங்கு, தோலுக்குள்ள பூச்சி புகுந்து வாறது. கரப்பன் பிள்ளைக்குச் சிரங்கும் சேர்ந்து வரலாம். ஸ்டீரொய்ட் பூசப் பூசக் கடி கொஞ்சம் அடங்கி, பூச்சி உள்ளுக்குப் பெருகும்.

சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5% கிறீம். கழுத்துக்குக் கீழ உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடாமல், நகத்துக்கு அடியிலயும், விரலிடுக்கிலயும், குண்டி இடுக்கிலயும் பூசி 8 தொடக்கம் 12 மணித்தியாலம் விட்டுக் கழுவோணும். ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கும் வயசாளியளுக்கும் முகம், காது, தலைத்தோலும் சேரும், கண்ணையும் வாயையும் விட்டு. பெரிய ஆளுக்கு 30 கிராம் ரியூப் ஒண்டு போகும், உங்கட மகளின்ர வயசுக்குக் கால் ரியூப். இடையில கை கழுவினால் கைக்குத் திருப்பிப் பூசோணும். சமைக்கிற அம்மாமாருக்கு இந்த இடத்திலதான் பிழைக்கிறது. ஏழாம் நாள் இன்னொருக்கா. கடி இல்லாதவையும் உட்பட வீட்டில எல்லாரும் ஒரே இரவில பூசோணும். அண்டைக்கே உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பைச் சுடுதண்ணியில தோய்ச்சு நல்ல வெயிலில போடுங்கோ. தோய்க்க ஏலாததை பையில கட்டி 3 நாளுக்குக் குறையாமல் வையுங்கோ. பூச்சி செத்த பிறகும் ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்குக் கடி இருக்கும், அதுக்காக நாளுக்கு நாள் பெர்மெத்ரின் பூசினால் தோல் எரிஞ்சு புதுக் கரப்பன் வரும்.

மற்றது படை. வட்டமா, ஓரம் உயர்ந்து, நடுவில மாறிக்கொண்டு பரவினால் அது பூஞ்சணம். அதுக்கு குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின், ஓரத்தைத் தாண்டி 2 சென்றிமீற்றர் வரைக்கும், மாறின பிறகும் ஒரு கிழமை. கடையில "எல்லாத்துக்கும் சரிவரும்" எண்டு குளோபெட்டசோலும், பூஞ்சண மருந்தும், அன்ரிபயோற்றிக்கும் ஒண்டாக் கலந்த ரியூப் வாங்கினால் ஓரம் மங்கி, வட்டம் அழிஞ்சு, பேந்து வைத்தியருக்கே அடையாளம் பிடிக்கக் கஷ்டமாப் போயிரும்.

தொற்று: கரப்பனில தேன் மாதிரி மஞ்சள் அயறு, ஊனம் வடியிறது, திடீரெண்டு நோ எண்டால் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி. காய்ச்சலில்லாமல், பிள்ளை சுறுசுறுப்பா இருந்தால் எல்லாத்துக்கும் அன்ரிபயோற்றிக் தேவைப்படாது, காட்டித் தீர்மானியுங்கோ. வடியிற இடத்துக்குக் கொண்டீஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்) தண்ணி உதவும்: 400 மில்லிகிராம் குளிசை ஒண்டை 4 லீற்றர் தண்ணியில வடிவாக் கரைச்சு, மெல்லிய இளஞ்சிவப்பு நிறத்தில, 10 நிமிசம் துணி நனைச்சு ஒத்தணம். கடும் ஊதா எண்டால் கூடிப்போச்சு, தோலைச் சுடும். கரையாத மணி ஒண்டு ஒட்டினாலும் புண்ணாக்கும். நகம், பேசின், துவாய் எல்லாம் கபிலமாகும், நகத்துக்கு வஸ்லின் தடவிப்போட்டுச் செய்யுங்கோ. ஊனம் காய்ஞ்சவுடன விடோணும்.

ஒண்டை மட்டும் வீட்டில வச்சுப் பார்க்காதேங்கோ. ஒரே அளவில, நடுவில குழி விழுந்த மாதிரிப் பொக்குளங்கள் கூட்டமா வந்து, நோவும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் கரப்பனில ஏறினது. அசிக்ளோவிர் அண்டைக்கே தொடங்கோணும். கண்ணுக்குக் கிட்ட எண்டால் இன்னும் அவசரம். இரவெண்டாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. உதட்டில பொக்குளம் வந்த ஆக்கள் பிள்ளையைக் கொஞ்சக் கூடாது எண்டு சொல்லுறது இதுக்குத்தான்.

பிரிற்றனைப் பற்றிச் சுருக்கமா: அது கடியை நிப்பாட்டாது, நித்திரையாக்கும். கரப்பன் கடிக்கு, பிரிற்றன் மறிக்கிற ஹிஸ்ரமின் மட்டும் காரணமில்லை. கொதிச்சுக் கிடக்கிற கிழமையில இரவில மட்டும், எழுதின அளவில. நித்திரையாக்காத செற்றிரிசின் மாதிரியானது தோல் தடிப்புச் சொறிக்கு நல்லது, கரப்பனுக்கு அவ்வளவு உதவாது.

கிணத்தடி:

தண்ணிக் கேள்விக்கு. எங்கட யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணியில கல்சியம் கூட. சவுக்காரம் அதோட சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் படிவா தோலில ஒட்டும், நுரைக்கேல்லை எண்டு இன்னும் தேய்ப்பம். கல்லுத் தண்ணி உள்ள இடங்களில கரப்பன் கூட எண்டு கண்டது உண்மை. ஆனால் 2011இல வெளிவந்த ஆய்வொண்டில, இங்கிலாந்தில 336 பிள்ளையளின்ர விசயத்தில வீட்டுத் தண்ணியை மெதுவாக்கிற இயந்திரம் பூட்டி 12 கிழமை பார்த்தும், வழமையான மருந்தை விட மேலதிகமா ஒண்டும் குறையேல்லை. ஆகவே இயந்திரத்துக்குக் காசு செலவழிக்காதேங்கோ. சவுக்காரத்தை நிப்பாட்டுங்கோ, அது காசில்லாத வேலை.

சவுக்காரத்துக்குப் பதிலா எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் ஒரு தேக்கரண்டியை இளஞ்சூட்டுத் தண்ணி ஒரு கிளாசில அடிச்சுக் கரைச்சால் பால் மாதிரி வரும். அதால தடவிக் கழுவினால் ஊத்தையும் போகும், எண்ணெய்ப்பசையும் நிக்கும். அக்குவஸ் கிறீமையும் இப்பிடிக் கழுவப் பாவிக்கலாம், பூசிவிட்டு வைக்க அது நல்லதில்லை: சோடியம் லோரில் சல்பேற் கிடக்கிறதால கன பிள்ளையளுக்கு எரிக்கும். வாளித் தண்ணிக்குள்ள ஊத்துற குளிப்பெண்ணெய்க்கும் காசு விடவேண்டாம், 2018இல வந்த பெரிய ஆய்வில அதால மேலதிகப் பலன் இல்லை எண்டு முடிஞ்சுது. அதோட சீமெந்து நிலம் வழுக்கும்.

5 தொடக்கம் 10 நிமிசக் குளிப்பு, இளஞ்சூடு அல்லது வெயிலில வச்ச தண்ணி. துவாயால உரஞ்சாமல் ஒத்தி, ஈரம் காயமுதல் பூச்சு.

பரபின் அளவும் ஆக்கள் நினைக்கிறதை விடக் கூட. சின்னப் பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராம் வரை போகலாம், பெரியாக்களுக்கு 500. ரின்னுக்குள்ள கை போடாமல் சுத்தமான கரண்டியால எடுங்கோ, இல்லாட்டி கிருமியும் உள்ளுக்க போகும். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலுக்குள்ள பகலில பரபின் அப்பினால் வேர்வை அடைபட்டு வேர்க்குருவும் மயிர்க்கால் குருவும் வரும். பகலுக்கு இலகுவான கிறீம் அல்லது லோஷன், இரவுக்குப் பரபின். 2022இல லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் நாலையும் பிள்ளையளில ஒப்பிட்டுப் பார்த்தவை, பலனில நாலும் ஒண்டுதான். பிள்ளை அழாமல் பூசவிடுற சாமான்தான் சரியான சாமான். வாடைக்காத்து வீசுற மார்கழி, தையில தோல் வறளும், அப்ப பரபினை ரெண்டு நேரமும் ஆக்குங்கோ.

பரபின் ஊறின உடுப்பு கெதியா நெருப்புப் பிடிக்கும், தோய்ச்சாலும் முழுக்கப் போகாது. குத்துவிளக்கு, நுளம்புத்திரி, அடுப்படிக்குக் கிட்டப் பிள்ளையை விடாதேங்கோ.

தேங்காயெண்ணெய் கேக்காமலே கேள்வி வரும் எண்டு தெரியும். வாசனை சேர்க்காத, செக்கில ஆட்டின நல்ல எண்ணெய் பூசலாம், சின்ன ஆய்வுகளில பலனும் கண்டிருக்கினம். ஒலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின்ர காப்பைக் குலைக்கும். வெடிச்ச தோலில கடலை மா, பயத்தம் மா, பாலாடை பூசிறதை விடுங்கோ: உடைஞ்ச தோலுக்குள்ளால சாப்பாட்டுப் புரதம் போனால் உடம்பு அதுக்கு எதிராப் பழகி, பேந்து அதையே சாப்பிடேக்க ஒவ்வாமை வரலாம். தேசிக்காய் பூசி வெயிலில விட்டால் பொக்குளிக்கும்.

இனி அம்மம்மாவின்ர கிரந்தி. அவ சொல்லுறதில ஒரு பகுதி சரி. இறால், நண்டு ஒவ்வாமை உண்மையான வருத்தம். ஆனால் அது சாப்பிட்டு சில நிமிசத்தில இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள உதடு வீங்கி, தடிப்புத் தடிப்பாக் கிளம்பி, சத்தியெடுத்து, சில பிள்ளையளுக்கு இழுப்போடயும் காட்டும். மூண்டு நாள் கழிச்சு முழங்கை கடிச்சால் போன கிழமை இறால் காரணமெண்டு சொல்லேலாது. தக்காளி, அன்னாசி வாயைச் சுத்தி எரிக்கிறது புளிப்பால. சாப்பிட முதல் வாயைச் சுத்தி வஸ்லின் தடவினால் அநேகமா நிக்கும். முட்டையை வழமையாச் சாப்பிட்டு ஒண்டும் வராத பிள்ளைக்கு மாசக்கணக்கா நிப்பாட்டினால் பழக்கம் விட்டுப்போய், திரும்பக் குடுக்கேக்க கடுமையான ஒவ்வாமை வரச் சாத்தியமிருக்கு, வளர்த்தியும் குறையும். சந்தேகமெண்டால் ஒண்டை மட்டும், வைத்தியரிட்டச் சொல்லி, நாலு கிழமை நிப்பாட்டித் திருப்பிக் குடுத்துப் பாருங்கோ. ரத்தப் பரிசோதனையில கூடக் காட்டினது மட்டும் காணாது, சாப்பிடேக்க வருத்தம் வந்திருக்கோணும். எல்லாத்தையும் ஒரே நாளில மறிச்சால் எது எண்டு ஒருநாளும் தெரியவராது.

உரும்பிராய்_கமம்:

பிள்ளைக் கதையில இது கொஞ்சம் வெளியால, ஆனால் இதை வாசிக்கிற பெரியாக்களுக்குத் தேவைப்படும்.

முகம், மேல் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஒண்டாக் கடிச்சு, சட்டை மூடின இடம் சுத்தமாக் கிடந்தால் தோட்டத்து வேலியைப் பாருங்கோ, பாத்தீனியம் நிக்குதோ எண்டு. 1980களின்ர கடைசியில இந்தியப் படையின்ர ஆடுகளோட வந்தது எண்டு பரவலாச் சொல்லுற செடி. அதின்ர தூள் காத்தில வரும். வெயில் ஒவ்வாமையோட குழப்புவினம்: வெயிலெண்டால் நாடிக்குக் கீழ், காதுக்குப் பின்னால நிழல் விழுற இடம் தப்பும், பாத்தீனியத் தூள் அங்கயும் போகும். பூக்க முதல், முழுக்கைச் சட்டை, கையுறையோட வேரோட பிடுங்கி, உடன குளிச்சு உடுப்பை மாத்தோணும்.

வெங்காயம், உள்ளி உரிக்கிற ஆக்களுக்குப் பிடிக்கிற கையின்ர பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனி மட்டும் வெடிக்கும். வெட்டுற கைக்கு வராது. உள்ளியின்ர சாறு ரப்பர் கையுறைக்குள்ளாலயும் ஊடுருவும், ஆகவே கையுறையை நம்பாமல் வேலையையே வேற ஆளுக்குக் குடுக்கோணும். சீமெந்து வேலையாட்களுக்குக் குரோமேற். நகை, பெல்ற் கொழுவி படுற இடமெண்டால் நிக்கல். தலைமயிருக்கு மை பூசி ரெண்டாம் நாள் காதும் நெத்தியும் வீங்கினால் மையில கிடக்கிற பிபிடி எண்ட இரசாயனம், அதை ஒருநாளும் திரும்ப வைக்கக் கூடாது. எது எண்டு உறுதியா அறிய ஒட்டுப் பரிசோதனை: சந்தேகப்படுற பொருளுகளை முதுகில 48 மணித்தியாலம் ஒட்டி, எடுத்தவுடனும், 96 மணியளவிலயும் பார்ப்பினம். அந்த நாளுகளில முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. தோட்டக்காரர் வேலை குறைஞ்ச கிழமையாப் பார்த்துத் திகதி கேளுங்கோ.

ஸ்காபரோ_மருந்தகம்:

ஊசியைப் பற்றி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் பெரும்பாலும் டுபிலுமாப். கரப்பன் அழற்சியை நடத்தும் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு செய்திப் புரதங்களையும் ஒரே வாசலில் மறிக்கும் மருந்து. அமெரிக்காவில் 2017இல் பெரியவர்களுக்கும், 2022இல் 6 மாதக் குழந்தைகள் வரைக்கும் அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்கு முதல் நாள் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 300. 6 மாதத்திலிருந்து 5 வயது வரையான பிள்ளைக்கு அளவு வேறு: 5 முதல் 15 கிலோவுக்குள் 200, 15 முதல் 30 கிலோவுக்குள் 300 மில்லிகிராம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை. உங்கள் மச்சாளின் ஊசி உங்கள் மகளின் ஊசி அல்ல.

பெட்டியில் கொண்டுவரும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டிய மருந்து. வெளியில் எடுத்தால் 25 பாகைக்கு மேல் போகாமல் அதிகபட்சம் 14 நாள். கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் வரும் வான் வண்டியின் சூட்டிலேயே அது கெட்டுவிடலாம். பார்வைக்கு மாற்றமும் தெரியாது. இந்த ஊசியில் கண் சிவந்து உறுத்துவது பரவலான பக்கவிளைவு. ஊசி போடும் காலத்தில் உயிருள்ள தடுப்பூசி கொடுப்பதில்லை, 4 வயதுப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை முதலில் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கண்காணிக்க ஒரு வைத்தியர் வேண்டும்.

இதே வரிசையில் ட்ராலோகினுமாப், லெப்ரிகிசுமாப், கடி நரம்பையே குறிவைக்கும் நெமோலிசுமாப் ஆகியவையும் வந்துள்ளன. குளிசைகளில் உபடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் கடியை நாட்கணக்கில் அடக்கும், ஆனால் தொடங்க முன் காசநோய், ஹெபடைட்டிஸ், இரத்தப் பரிசோதனை கட்டாயம். அக்கி, இரத்தக் கட்டி ஆபத்தும் உண்டு. காசநோய் இருக்கும் எங்கள் நாட்டில் அந்தப் பரிசோதனை சடங்கு அல்ல. ஸ்டீரொய்ட் அல்லாத புதிய பூச்சுகளில் ருக்சோலிட்டினிப் 2021இலும், ரோஃப்லுமிலாஸ்ட், டபினாரோஃப் 2024இலும் அமெரிக்காவில் கரப்பனுக்கு வந்தன. நாள்பட்ட கைக் கரப்பனுக்கு டெல்கோசிட்டினிப் கிறீம் ஐரோப்பாவில் 2024இல்.

ஆனால் இவை எதற்கும் முன் உங்கள் மகளுக்குக் கேட்கவேண்டியது டக்ரோலிமஸ் 0.03% ஒயின்ட்மென்ட். இரண்டு வயதுக்கு மேல் பாவிக்கலாம். முகம், கழுத்து, இமை போன்ற இடங்களில் ஹைட்ரோகோர்ட்டிசோனை மாறி மாறிப் பூசிக்கொண்டிருப்பதைவிட நல்லது, தோல் மெலியாது. முதல் சில நாள் எரியும். குளித்தவுடன் ஈரத்தோலில் பூசினால் இன்னும் எரியும். அந்த எரிவை ஒவ்வாமை என்று எண்ணி மூன்றாம் நாள் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் ஸ்டீரொய்டால் அடக்கிவிட்டு மாறினால் எரிவு குறையும். பூசிய இடத்துக்கு வெயில் வேண்டாம்.

கடுமையான கரப்பன் உள்ள பெரியவர்களுக்கு ஊசிக்கு முன்னும் படிகள் உண்டு: 311 நனோமீற்றர் ஒளிச்சிகிச்சை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சைக்ளோஸ்போரின், அசத்தியோபிரின், மெத்தோட்ரெக்சேட். கடைசியாகச் சொன்னது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிரே போகலாம். வாரத்தில் எந்த நாள் என்று பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். பிரெட்னிசொலோன் குளிசை சில நாளில் அற்புதம் காட்டும், விட்டவுடன் முன்னதைவிடக் கூடுதலாகத் திரும்பும்.

சங்குவேலி_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. விரலிடுக்கில ஒண்டுமில்லை, வீட்டில வேற ஒருத்தருக்கும் கடியும் இல்லை. அளந்து பார்த்தன், கழுத்தை விட்டு ஏழு உள்ளங்கை வருது. ரியூப் பத்து நாளைக்கும் காணாது போல. முடிஞ்சுது எண்டு திருப்பிக் கேட்டால் கிளினிக்கில ஏசமாட்டினமோ? மற்றது, தடிச்ச கணுக்கால் மட்டும் அசையுதில்லை.

மருந்துமேசை:

ஏழு எண்டால் மூண்டரை விரல்நுனி, 1.75 கிராம். எட்டு நாளைக்குக் கொஞ்சம் கூட வரும். திறக்கிற அண்டைக்கே ரியூப்பில பேனையால திகதி எழுதுங்கோ. முடிய வெறும் ரியூப்பையும் கொப்பியையும் கொண்டுபோய், எத்தனை உள்ளங்கை, எத்தனை விரல்நுனி, எத்தனை நாள் எண்டு சொல்லுங்கோ. அப்பிடிக் கணக்கோட வந்தால் ஏச மாட்டினம், 30 கிராமா எழுதிவிடுவினம்.

கிளினிக்_கொப்பி:

கணுக்காலுக்கு, கிளினிக்கில கேட்டுப்போட்டு ஈரக்கட்டுச் செய்யலாம். மருந்தும் பரபினும் பூசி, பழைய பருத்திக் காலுறையின்ர பாதத்தை வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு போட்டு, அதுக்கு மேல காய்ஞ்சது ஒண்டு. இரவு மட்டும், 5 தொடக்கம் 7 நாள். கட்டுக்குக் கீழ மருந்தின்ர வலு கூடும் எண்டதால அதுக்கு மேல நீட்டக் கூடாது. அயறோ ஊனமோ கிடந்தால் கட்டவே வேண்டாம். ஃபானுக்கு நேர கீழ படுக்க விடாதேங்கோ, குளிரும். செருப்புப் பட்டி உரஞ்சுற இடமோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ.